வான்மதி என்ற ஃபோல்டர்

ஆகஸ்ட் 5, திங்கள்

பிரஷர் 160/100.

டாக்டரம்மா தினமும் குறித்து வரச் சொல்லியிருக்கிறார். "கோவம் வந்தா யார்கிட்டயும் கத்தாதீங்க இந்திராணி. கத்த வேண்டியத இதுலயே எழுதிடுங்க" என்று இந்த டைரியையும் கொடுத்தார். ஏதோ மருந்துக் கம்பெனி டைரி. நாளுக்கு ஒரு பக்கம்தான் இருக்கிறது. என் கோபத்துக்கு ஒரு பக்கம் எந்த மூலைக்கு?

ஆடி மாதம். ஆடியில் யாரும் பத்திரம் பதிய வர மாட்டார்கள். எதிரே சார்பதிவாளர் அலுவலகத்தில் வாட்ச்மேன் பெஞ்சில் தூங்குகிறார். இந்தப் பக்கம் என் டைப்பிங் கடையில் நான் ஈ ஓட்டுகிறேன். சும்மா இருப்பவள் கண்ணில்தான் எல்லாம் படும். கம்ப்யூட்டரைப் போட்டதும் இடது பக்க மேல் மூலையில், எல்லாவற்றுக்கும் முதலாவதாக, மஞ்சளாக ஒரு ஃபோல்டர். அதன் அடியில் 'வான்மதி' என்று பெயர்.

வான்மதி என் மகள். மகளாக இருந்தவள். இருபத்தெட்டு வயது, திருச்சியில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை, ஹாஸ்டலில் வாசம். ஜூன் மாதம் அவள் அண்ணனுக்காக ஒரே ஒரு கையெழுத்துப் போடச் சொன்னேன். மாட்டேன் என்றாள். "போடலேன்னா இந்த வாசப்படிய மிதிக்காத" என்றேன். மிதிக்கவில்லை. ரோஷக்காரி! அன்றைக்கே சுவரில் இருந்த அவளுடைய பட்டமளிப்புப் போட்டோவைக் கழற்றிப் பரணில் போட்டேன். சுடிதார்களை மூட்டை கட்டி ஆசிரமத்துக்குக் கொடுத்தேன். போனில் இருந்த பேரை எடுத்தேன். நம்பர் மனப்பாடமாக இருப்பதற்கு நான் என்ன செய்ய முடியும்.

இந்த ஃபோல்டர் மட்டும் தப்பியிருக்கிறது. டிலீட் பட்டனை அமுக்கினேன். அசையவில்லை. பதினைந்து தடவை அமுக்கினேன். பட்டன்தான் உள்ளே போய் மாட்டிக்கொண்டது. ஹேர்பின்னால் நெம்பி எடுத்தேன்.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

பிரஷர் பார்க்கவில்லை. ஃபோல்டர் போகவில்லை.

ஆகஸ்ட் 7, புதன்

165/100.

மற்ற ஃபோல்டர்களின் மேல் மவுஸின் வலது பட்டனை அமுக்கினால் ஒரு பட்டியல் வருகிறது, அதில் டிலீட் என்று ஒரு வரி இருக்கிறது. இவளுக்கு மட்டும் அந்த வரியே இல்லை. சரி என்று இழுத்துக்கொண்டு போய்க் குப்பைக் கூடைப் படத்தின் மேல் போட்டேன். விட்டதும் பழைய இடத்துக்கே வந்து உட்கார்ந்துகொண்டது. இழுக்க இழுக்கத் திரும்பி வருகிறது. அவளும் சின்ன வயதில் பள்ளிக்கூட வாசலில் விட்டால் எனக்கு முன்னால் வீட்டுக்கு ஓடி வந்துவிடுவாள்.

பத்திர எழுத்தர் நாச்சிமுத்து அண்ணன் கடைக்குள் வந்து கொஞ்ச நேரம் வேடிக்கை பார்த்தார். இருபத்திரண்டு வருடமாக அவர் சொல்லச் சொல்ல நான் அடிக்கிறேன். என்னைக் கேலி செய்யும் உரிமை அவர் ஒருவருக்குத்தான் உண்டு.

"என்ன இந்திராணி, பேய் ஓட்டுற மாதிரி ஓட்டிக்கிட்டிருக்க? அது பாட்டுக்கு ஓரமா கெடக்குது. ஒன்ன என்ன பண்ணுது?"

"என்ன பண்ணுதா? காலங்காத்தால அவ மொகத்துல முழிக்க வேண்டியிருக்குண்ணே."

"மொகம் எங்க இருக்கு? பேருதான இருக்கு."

"எனக்கு ரெண்டும் ஒண்ணுதான்."

டாக்டரம்மா இதைப் படிக்கப் போவதில்லை, அதனால் எழுதுகிறேன். வீடு என் மாமனார் கட்டியது. போகும்போது பேரன், பேத்தி இருவர் பெயருக்கும் சரிபாதியாக எழுதி வைத்துவிட்டுப் போனார். அவருக்கு அடுத்த வருடம் என் வீட்டுக்காரரும் போய்ச் சேர்ந்தார். எனக்கு அந்த வீட்டில் ஒரு செங்கல்கூடக் கிடையாது. அதில் எனக்கு வருத்தமும் கிடையாது.

இப்போது மகன் இளம்பரிதிக்கு நாமக்கல்லில் பெண் முடிவாகியிருக்கிறது. ஆவணி பதினாறு, ஞாயிற்றுக்கிழமை நிச்சயதார்த்தம். பெண்ணின் அப்பா ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "வீடு மாப்ள பேர்லதானங்க?" ஆமாம் என்று சொல்லிவிட்டேன். நாக்கு முந்திவிட்டது. நிச்சயத்துக்கு முன்னால் பத்திர நகலைக் காட்டுங்கள் என்கிறார்கள். வான்மதி தன் பாதியை அண்ணனுக்கு விட்டுக்கொடுத்து விடுதலைப் பத்திரம் எழுதித் தந்தால் எல்லாம் சரியாகிவிடும். ஊரில் எந்தப் பெண் தரவில்லை? என் கையாலேயே ஆயிரம் விடுதலைப் பத்திரம் அடித்திருப்பேன். ஒரு கையெழுத்து, ஒரு போட்டோ, ஒரு கைரேகை, வெளியே வந்தால் ஹோட்டலில் டிபன். நானும்தான் என் அண்ணன்களுக்குப் போட்டுக் கொடுத்தேன். குறைந்தா போனேன்? இவள் மட்டும் மகாராணியா?

"குடுக்க மாட்டேன்னு இல்லம்மா. நீ கேட்டிருந்தா குடுத்திருப்பேன். நீ கேக்கல. தேதி சொன்ன" என்றாள் அன்றைக்கு. இதில் என்ன வித்தியாசம் கண்டாளோ.

ஆகஸ்ட் 9, வெள்ளி

150/90!

போயிற்று! கம்ப்யூட்டர் ரிப்பேர் செய்யும் லூர்துசாமிக்குப் போன் போட்டேன். அவன் தொட்டியத்தில் ஏதோ பள்ளிக்கூடத்தில் வேலையாக இருந்தான். போனிலேயே வழி சொன்னான். வெற்றிடத்தில் வலது பட்டன், அப்புறம் அதைத் தட்டு, இதைத் தட்டு, கடைசியில் ஒரு பெட்டி. அதில் அவள் பேருக்கு நேராக ஒரு டிக். எடுத்தேன். ஓகே கொடுத்தேன். மூலை வெறிச்சென்று ஆகிவிட்டது.

வீட்டுக்கு வந்து கேசரி கிளறினேன். இளம்பரிதி இரண்டு கரண்டி போட்டுக்கொண்டான்.

"என்னம்மா விசேஷம்?"

"ஒண்ணுமில்ல. சிஸ்டம் சரியாயிடுச்சு."

"நான் வான்மதி எதும் பேசினாளோன்னு நெனச்சேன்."

"அவ பேர எங்கிட்ட எடுக்காத."

"நீதானம்மா நாள் பூரா எடுத்துக்கிட்டிருக்க" என்றான் கேசரியை மென்றுகொண்டே. வாயை மூடிக்கொண்டு சாப்பிடு என்றேன்.

ஆகஸ்ட் 10, சனி

காலையில் கம்ப்யூட்டரைப் போட்டேன். அதே மூலை, அதே மஞ்சள், அதே பேர்.

ஆடிக் காற்றில் அம்மியே பறக்குமாம். இவள் பறக்கவில்லை. பிரஷர் மெஷினைக் கையில் எடுக்கவே பயமாக இருக்கிறது.

ஆகஸ்ட் 12, திங்கள்

லூர்துசாமி நேரில் வந்தான். நாற்பது வயது மனிதன், பொறுமைசாலி. சாமான் பையைக் கீழே வைப்பதற்குள் நான் ஆரம்பித்துவிட்டேன். அவன் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு அமைதியாகச் சொன்னான்.

"அக்கா, இது நீங்க உண்டாக்குன ஃபோல்டர் இல்ல. சிஸ்டம் ஃபோல்டர். கம்ப்யூட்டர் வாங்கிப் போட்ட அன்னிக்கு மொத மொதல்ல ஒரு பேர் கேக்கும். வான்மதிதான் போட்டுக் குடுத்துச்சு, அது தன் பேரக் குடுத்துருக்கு. அன்னிலேர்ந்து நீங்க அடிச்ச பத்திரம் பூரா அதுக்குள்ளதான் இருக்கு. நீங்க வேல செய்யற எடமே அதுதான்."

"என் கடை. என் கம்ப்யூட்டர். அடிக்கிறது என் வெரல். எல்லாம் அவ பேர்லயா இருக்கு?"

"அப்பிடித்தான்க்கா."

"ஒரு வார்த்த எங்கிட்ட கேட்டாளா?"

"பக்கத்துல நீங்களும்தான்க்கா இருந்தீங்க. 'எம்மவ என்னமா தட்டுறா பாரு'ன்னு எங்கிட்டயே சொன்னீங்க."

இதையெல்லாம் ஞாபகம் வைத்திருக்கிறான், போன மாதம் ரிப்பேருக்கு வாங்கிப் போன பழைய பிரிண்டர் மட்டும் ஞாபகம் இல்லை. "மறைக்கத்தான் முடியும், ஏதோ கோளாறுல திரும்பத் திரும்ப வருது, அப்டேட் போட்டா சரியாயிடும், விட்டுடுங்க" என்றான். விடுவதா? அடியோடு போக என்ன வழி என்று கேட்டேன். என் பேரில் புதுக் கணக்கு ஒன்று திறக்கலாம், அவள் கணக்கை நீக்கலாம், நீக்கினால் அந்த ஃபோல்டரும் அதற்குள் இருப்பதும் சேர்ந்து போய்விடும் என்றான். அதற்கு முன்னால் வேண்டியதை எல்லாம் வேறு டிரைவில் எடுத்து வைத்துக்கொள்ள வேண்டுமாம்.

"அவசரப்பட வேணாம்க்கா. நிதானமா யோசிங்க."

யோசித்துவிட்டேன் என்றேன்.

ஆகஸ்ட் 14, புதன்

நேற்று முழுவதும் உட்கார்ந்து கம்ப்யூட்டர் திரையின் முகப்பில் இருந்த எல்லாவற்றையும் எடுத்து வைத்தேன். கிரயம், தானம், செட்டில்மெண்ட், விடுதலை, குத்தகை, உயில் என்று வரிசையாகப் பேர் போட்டு முகப்பிலேயேதான் இருந்தன. ஒவ்வொன்றையும் காப்பி செய்து 'டி' டிரைவில் போட்டேன். நூற்றி நாற்பது. எண்ணிப் பார்த்தேன். நான் கணக்கில் தப்பு செய்கிறவள் இல்லை.

இன்றைக்கு லூர்துசாமி வந்து 'இந்திராணி' என்று புதுக் கணக்கு திறந்தான். பிறகு பழையதை நீக்கப் போனான். திரையில் ஒரு எச்சரிக்கை வந்தது. இந்தக் கணக்கின் கோப்புகளை வைத்துக்கொள்ளவா, அழித்துவிடவா என்று கேட்டது.

"வச்சுக்கலாம்க்கா. ஒரு ஓரத்துல அவ பேர்ல கெடக்கும். ஒண்ணும் பண்ணாது."

"ஓரத்துலயும் கெடக்க வேணாம். அழி."

"எல்லாம் எடுத்தாச்சா? ஒரு தடவ தொறந்து பாத்துக்கலாமா?"

"எடுத்தாச்சு எடுத்தாச்சுன்னு எத்தன தடவ சொல்றது? நீ அழிக்கிறியா, நான் அழிக்கட்டுமா?"

அழித்தான். ஐந்து நிமிடம் ஒரு வட்டம் சுற்றியது. நான் நின்றுகொண்டே பார்த்தேன். சுற்றி முடிந்ததும் மூலையில் 'இந்திராணி' என்று ஒரு ஃபோல்டர் இருந்தது. நன்றாகத்தான் இருந்தது.

ஆகஸ்ட் 15, வியாழன்

சுதந்திர தினம். கடை லீவு. வீட்டிலும் இல்லை, கடையிலும் இல்லை, அவள் பேர் எங்கேயும் இல்லை. மத்தியானம் தூங்கலாம் என்று படுத்தேன், தூக்கம் வரவில்லை. காபி அதிகமாகிவிட்டது.

ஆகஸ்ட் 16, வெள்ளி

உள்ளதும் போச்சு நொள்ளைக் கண்ணா.

'டி' டிரைவைத் திறந்து 'கிரயம்' என்பதைத் தட்டினேன். 'இந்தக் குறுக்குவழி காட்டும் கோப்பு இல்லை' என்று வந்தது. 'தானம்' தட்டினேன், அதே. நூற்றி நாற்பதையும் தட்டினேன். நூற்றி நாற்பதும் அதே.

லூர்துசாமி ஓடி வந்தான். பார்த்ததும் தலையில் கை வைத்துக்கொண்டான்.

"அக்கா, இதெல்லாம் அசல் இல்லக்கா. ஒவ்வொரு படத்துலயும் மூலையில சின்ன அம்புக்குறி போட்டுருக்கு பாருங்க. அசல் வேற எடத்துல இருக்கு, இங்க தட்டுனா அங்க கூட்டிட்டுப் போகும். அவ்ளோதான். கதவுல ஒட்டுன பேர்ப்பலகை மாதிரி. நீங்க பலகைய எல்லாம் பத்திரமா எடுத்து வச்சுட்டு வீட்ட இடிக்கச் சொல்லிட்டீங்க."

மீட்க முடியாதா என்றேன். போன வருடம் வேகமாக ஓட வேண்டுமென்று புது டிஸ்க் போட்டோமே, அதில் அழித்தால் அழித்ததுதானாம்.

எனக்கு நினைவு வந்தது. வாங்கிய புதிதில் அடித்ததை எங்கே சேமித்தேன் என்று தெரியாமல் தினமும் திருச்சிக்குப் போன் போட்டு அவள் உயிரை வாங்குவேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து காலையிலிருந்து சாயங்காலம் வரை உட்கார்ந்து எல்லாவற்றையும் முகப்பில் வரிசையாக வைத்துக் கொடுத்தாள். "இனிமே தேட வேணாம்மா. தட்டினா தொறக்கும்" என்றாள். அம்புக்குறியைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னாளா? சொல்லியிருந்தால் இன்றைக்கு எனக்கு இந்த நிலைமை வருமா? எல்லாம் அவளால்தான். இல்லை, லூர்துசாமியால். அவனாவது அழிக்க மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம்.

175/110.

ஆகஸ்ட் 17, சனி

ஆவணி ஒன்று. ஒரு மாதம் அடைத்து வைத்த கூட்டம் நாளை மறுநாள் மொத்தமாக வரும். பத்திரம் அடிக்க ஆள்கள் இன்றைக்கே வந்துவிட்டார்கள். பார்த்து அடிக்க என்னிடம் ஒரு மாதிரிப் பத்திரம்கூட இல்லை.

எங்கள் தொழிலில் யாரும் பத்திரத்தை முதலிலிருந்து அடிப்பதில்லை. பழைய பத்திரத்தைத் திறந்து, பேர், தகப்பனார் பேர், சர்வே நம்பர், நான்கு எல்லை, இவ்வளவையும் மாற்றி அதன் மேலேயே சேமிப்போம். என் விரலுக்கு அந்த நான்கு இடம் மட்டும்தான் தெரியும். நடுவில் இருப்பதை யார் படிக்கிறார்கள்?

நாச்சிமுத்து அண்ணன் கட்சிக்காரரைக் கூட்டிக்கொண்டு பக்கத்து டைப்பிங் கடைக்குப் போனார். போகும்போது என்னைப் பார்க்கவில்லை. பக்கத்துக் கடை கோபிநாத்திடம் இரண்டு மாதிரி கேட்டு வாங்கித் தரட்டுமா என்று லூர்துசாமி கேட்டான். அந்தக் கோபிநாத் போன தீபாவளிக்கு என் போர்டை மறைத்துப் பந்தல் போட்டவன். செத்தாலும் அவன் வாசலில் போய் நிற்க மாட்டேன்.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

காலை பத்து மணிக்குப் போன் அடித்தது. பேர் இல்லாத நம்பர். எடுக்கவில்லை. நான்காவது தடவை எடுத்தேன்.

"அம்மா."

போனைக் காதில் வைத்தபடியே அடுப்பை அணைத்தேன்.

"கையெழுத்து போட்டுடறேன்மா. என்னிக்கு வரணும்னு சொல்லு."

"இப்ப எங்கேர்ந்து புத்தி வந்துச்சு?"

"அண்ணன் பேசுச்சு. நிச்சயம் நின்னு போயிடும்னுச்சு. எனக்கு ஒண்ணும் வேணாம்மா. நீ போன் எடுத்தா போதும்."

லைனில் ஒரே இரைச்சல். மூக்கை உறிஞ்சுகிற மாதிரி ஏதோ சத்தம். திருச்சியில் டவர் சரியில்லை போலிருக்கிறது. "வியாழக்கிழம பத்தரைக்கு டோக்கன் போடுறேன். ஆதார் ஒரிஜினல் எடுத்துட்டு வா" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

ஜெயித்துவிட்டேன். இரண்டு மாதம் பிடிவாதம் பிடித்தாள், கடைசியில் யார் ஜெயித்தது? சந்தோஷத்தில் காலைப் பலகாரம் இறங்கவில்லை.

ஆகஸ்ட் 19, திங்கள்

வான்மதியின் விடுதலைப் பத்திரத்தை அடிக்க வேண்டும். மாதிரி இல்லை. வேறு வழியில்லாமல் பீரோவில் கைவிட்டு என் பழைய பத்திரத்தின் நகலை எடுத்தேன். 1993, நவம்பர். நான் என் இரண்டு அண்ணன்களுக்கு எழுதிக் கொடுத்தது. மடிப்பில் எல்லாம் கிழிந்திருக்கிறது. இதைப் பார்த்து அப்படியே அடித்தால் முடிந்தது வேலை. மூன்று பக்கம். என் வேகத்துக்கு அரை மணி நேரம்.

ஒரு பக்கம்தான் ஆயிற்று. எழுத்து மங்கலாக இருக்கிறது.

ஆகஸ்ட் 20, செவ்வாய்

எழுத்து மங்கலாக இல்லை. நேற்று பொய் எழுதினேன்.

இரண்டாவது பக்கம் இப்படிப் போகிறது. 'எனக்குத் திருமணம் ஆகி, என் சகோதரர்கள் நகை, சீர்வரிசை யாவும் குறைவறச் செய்து முடித்துவிட்டபடியாலும், என் கணவர் வீட்டில் எனக்குச் சகல சௌகரியங்களும் உள்ளபடியாலும், என் சகோதரர்கள் மீது எனக்குள்ள அன்பினாலும் பிரியத்தினாலும், கீழ்க்கண்ட சொத்தில் எனக்குள்ள பாக உரிமையை விட்டு விலகிக்கொண்டேன். இனி மேற்படி சொத்தில் எனக்கோ என் வாரிசுகளுக்கோ எவ்விதச் சம்பந்தமும் இல்லை.'

ஆயிரம் தடவை இந்த வரிகள் என் கையைத் தாண்டிப் போயிருக்கின்றன. இன்றைக்குத்தான் ஒவ்வொரு எழுத்தாக அடித்தேன்.

யார் எனக்குக் குறைவறச் செய்தது? என் கல்யாணத்துக்கு அம்மாவின் சங்கிலியை அழித்துத்தான் தாலி செய்தார்கள். சகல சௌகரியமாம்! அப்போது ஒரே அறையில் மாமனார், மாமியார், நாங்கள் எல்லோரும் இருந்தோம், நடுவில் புடவையைக் கட்டி மறைத்திருந்தோம். என் வாரிசுக்குச் சம்பந்தமில்லை என்று எழுதியிருக்கிறதே, இளம்பரிதி வயிற்றில் ஐந்து மாதம். பேர்கூட வைக்காத பிள்ளைக்கும் சேர்த்துக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். பிரியத்தினாலாம். பெரியண்ணன் முதல் நாள் வந்து, "கையெழுத்து போடலேன்னா பொறந்த வீட்டு வாசல மறந்துரு" என்று சொன்னான். அந்தப் பிரியத்தினால்தான் போட்டேன்.

போட்டுக் கொடுத்தேனே, வாசல் இருந்ததா? காவேரியில் வெள்ளம் வந்து வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர் ஏறிய வருடம் இரண்டு பிள்ளைகளையும் இழுத்துக்கொண்டு அங்கே போனேன். பையைக் கீழே வைக்கவில்லை. "எத்தன நாளைக்கு?" என்று கேட்டாள் அண்ணி. அண்ணன் பேப்பரை விட்டு முகத்தைத் தூக்கவில்லை. மூன்றாம் நாள் பள்ளிக்கூட முகாமுக்குப் போய்விட்டேன். வான்மதிக்கு அப்போது ஒன்பது வயது. "மாமா வீடு நம்ம வீடு இல்லியாம்மா?" என்று கேட்டாள். ஒரு அறை விட்டேன்.

நான் வான்மதியிடம் சொன்னது பெரியண்ணன் சொன்ன மாதிரி இல்லை. அவன் வாசல் என்று சொன்னான். நான் வாசப்படி என்றுதான் சொன்னேன். அதுவும் ஒரு கோபத்தில்.

ஆகஸ்ட் 21, புதன்

அடித்து முடித்துவிட்டேன். வான்மதிக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை, அதனால் கல்யாணம், கணவர் வீடு என்று வந்த வரிகளை எடுத்துவிட்டேன். பேர் வர வேண்டிய இடத்தில் மூன்று தடவை 'இந்திராணி ஆகிய நான்' என்றே அடித்திருக்கிறேன். பிரிண்ட் எடுத்துப் பார்த்துத்தான் தெரிந்தது. மூன்றையும் 'வான்மதி ஆகிய நான்' என்று மாற்றினேன். மாற்றும்போது கீ போர்டை உடைத்துப் போடலாமா என்று இருந்தது.

இளம்பரிதி வந்து, "ரெடியாம்மா? அவங்க நாளைக்கு மத்தியானம் நகல் அனுப்பச் சொன்னாங்க" என்றான். ரெடி என்றேன். "ஏன் ஒரு மாதிரி இருக்க?" என்றான். நான் எப்போதும் ஒரே மாதிரிதான் இருக்கிறேன் என்றேன்.

ஆகஸ்ட் 22, வியாழன்

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

பத்து மணிக்கு வான்மதி பஸ்ஸில் வந்து இறங்கினாள். இளைத்திருக்கிறாள். ஹாஸ்டல் சாப்பாடு. கடைக்குள் வரவில்லை, ரோட்டிலேயே நின்றாள். "சாப்டியா?" என்று கேட்க வாய் வந்தது, "ஆதார் எடுத்துட்டு வந்தியா?" என்று கேட்டேன். பையைத் தட்டிக் காட்டினாள். இளம்பரிதி அவளுக்கு டீ வாங்கிக் கொடுத்தான். நாச்சிமுத்து அண்ணனும் லூர்துசாமியும் சாட்சிக்கு வந்தார்கள்.

சார்பதிவாளர் அம்மா ஆடியில்தான் இங்கே மாற்றலாகி வந்தவர். சின்ன வயது, கண்ணாடி போட்டிருந்தார். மேசையைச் சுற்றி ஆவணிக் கூட்டம். எல்லோரும் என்னைத் தெரிந்தவர்கள். அவர் பத்திரத்தைப் புரட்டிவிட்டு வான்மதியைப் பார்த்தார்.

"நீங்கதான் எழுதிக் குடுக்கிறவங்களா? படிச்சுப் பாத்தீங்களா?"

"அம்மா அடிச்சது மேடம். சரியாத்தான் இருக்கும்."

படிக்கவில்லை. என்னை நம்பி, ஒரு வரிகூடப் படிக்கவில்லை.

"பாதி வீடும்மா இது. முழு சம்மதத்தோட குடுக்கறீங்களா? யாரும் கட்டாயப்படுத்தலியே?"

"இல்ல மேடம்" என்றாள். தலையைக் குனிந்துகொண்டுதான் சொன்னாள். கைரேகை மெஷினை அவள் பக்கம் தள்ளினார்கள். அவள் விரலைத் துப்பட்டாவில் துடைத்துக்கொண்டாள்.

"கட்டாயப்படுத்தியிருக்கு மேடம்" என்றேன்.

சத்தமாகத்தான் வந்தது. வெளி வராந்தாவரை கேட்டதாக லூர்துசாமி அப்புறம் சொன்னான்.

"யாரு?"

"நான்தான். பெத்தவ. கையெழுத்து போடலேன்னா வீட்டுக்குள்ள வராதன்னு சொன்னேன். ரெண்டு மாசமா போன எடுக்கல. அவ பேருல இருந்தது பூரா அழிச்சேன். எம்மக பயந்துக்கிட்டு வந்து நிக்கிறா. இதுல எழுதியிருக்கிற பிரியம், சம்மதம், அம்புட்டும் பொய். நான் அடிச்ச பொய்."

"அம்மா!" என்றான் இளம்பரிதி. நாச்சிமுத்து அண்ணன் என் முழங்கையைப் பிடித்து இழுத்தார். உதறினேன். சார்பதிவாளர் அம்மா பத்திரத்தை மடித்து வான்மதியின் கையில் திருப்பிக் கொடுத்தார். "இதப் பதிய முடியாது. அடுத்த டோக்கன் யாரு, வாங்க" என்றார்.

வெளியே வந்ததும் இளம்பரிதிக்கு முகம் சிவந்துவிட்டது.

"இப்ப நான் நாமக்கல்லுக்கு என்ன சொல்றது? மானம் போச்சேம்மா!"

"பாதி வீடு உன்னோடது, பாதி உன் தங்கச்சியோடதுன்னு சொல்லு. அதுக்கு வர்ற பொண்ணு வரட்டும். நான் சொன்னது பொய்யின்னும் சொல்லு. வேணும்னா நானே போன் பண்ணிச் சொல்றேன்."

வண்டியை உதைத்துக் கிளப்பிக்கொண்டு போய்விட்டான். போகட்டும். ராத்திரிச் சாப்பாட்டுக்கு வந்துதானே ஆக வேண்டும். நிச்சயம் நின்றால் அந்தப் பாவமும் என் தலையில்தான், தெரியும்.

திரும்பிப் பார்த்தால் வான்மதி அலுவலக வாசல் வேப்ப மரத்தடியில் நின்று அழுதுகொண்டிருந்தாள். சமாதானம் ஆகிவிடுவாள் என்று பக்கத்தில் போனேன். அவள் கண்ணில் இருந்தது சமாதானம் இல்லை. இத்தனை கோபத்தை அவள் முகத்தில் நான் பார்த்ததில்லை. என் மகள்தான்.

"இதச் சொல்ல உனக்கு ரெண்டு மாசம் ஆச்சாம்மா?"

"ரெண்டு மாசம் இல்லடி. முப்பத்தொரு வருஷம் ஆச்சு."

அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. கையைப் பிடித்து ரோட்டைத் தாண்டிக் கடைக்குள் இழுத்து வந்தேன். என் நாற்காலியில் உட்கார வைத்தேன். 1993-ஆம் வருடப் பத்திரம் மேசை மேலேயே கிடந்தது. எடுத்து அவள் கையில் கொடுத்து, படி என்றேன். அவள் மனதுக்குள் படிக்க ஆரம்பித்தாள்.

"சத்தமா படி" என்றேன். "இத்தன வருஷத்துல யாரும் எனக்கு அத நிறுத்திப் படிச்சுக் காட்டல."

மூக்கைத் துடைத்துக்கொண்டு அவள் முதல் வரியிலிருந்து படித்தாள்.